சம்மதக் கையொப்பம்

இஞ்சேருங்கோ,

தங்கச்சியின் கடிதத்தோடு எங்கள் வீட்டின் சீதன உறுதிப் பத்திரமும் வந்திருக்கிறது. மடிப்பைப் பிரித்ததும் பூச்சி உருண்டை மணம். டென்மார்க்கில், இந்த ஸ்கீவ நகரில் பனி கொட்டிக்கொண்டிருந்த காலையில், ஊரில் எங்கள் அலுமாரிக்கு முன்னால் நிற்பதுபோல் இருந்தது. அழுகையை விடக் கோபம்தான் வந்தது. உங்கள் மேல்தான்.

கலியாணத்துக்கு முந்தின கிழமை, உறுதி எழுதும் நொத்தாரிஸ் வீட்டில் இந்த உறுதியை வாசித்துக் காட்டினார்கள். வீடு என் பெயரில். ஆனால் விற்பதென்றால் கணவன் சம்மதித்துக் கையெழுத்து வைக்க வேண்டும். யாழ்ப்பாணச் சட்டம் அப்படி. படியிறங்கும்போது என் காதுக்குள் சொன்னீர்கள்: "நான் இல்லாமல் இனி நீர் ஒரு கதவைக்கூட விக்க ஏலாது." நானும் சிரித்தேன். என்னத்தைக் கண்டேன்!

எண்பத்து நான்கில் வேலைக்கென்று சைக்கிளில் போன உங்களைச் சந்தியில் ஆமி பிடித்ததாகச் சொன்னார்கள். எந்த முகாமிலும் அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். மகளோடு இங்கே வந்து சேர்ந்தபின், கொமூன் என்கிற இங்கத்தைய நகரசபையில் தந்த படிவங்களில் எல்லாம் "கணவர் ஊரில் இருக்கிறார், கூப்பிட வேண்டும்" என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது வீட்டை விற்றால்தான் தங்கச்சி ஊரைவிட்டு வெளிக்கிடலாம். "அக்கா, பக்கத்து வீட்டுக்கையும் பூந்து பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். இனி என்ர முறைதான்" என்று எழுதியிருக்கிறாள். கடிதத்தோடு நொத்தாரிஸ் அனுப்பிய பத்திரத்தில் இரண்டே வழி: உங்கள் கையெழுத்து, இல்லையென்றால் நான் விதவை என்று ஒரு சத்தியக் கடதாசி.

மொழிபெயர்க்கும் அண்ணையிடம் வேறு வழி கேட்டேன். "அது ஊருக்கு அனுப்பிற கடதாசி பிள்ளை. இஞ்சை ஆர் பாக்கப் போகினம்? எழுதிவிடும்" என்றார். அவருக்கு அது கடதாசி. எனக்கோ, என் கையாலேயே உங்களைச் சாகடிக்கிற வேலை.

மூன்று நாள் பேனையைத் தொடவில்லை. எழுதினால், எங்கேயோ உயிரோடு இருக்கிற உங்களை நானே கைவிட்டவள். எழுதாவிட்டால் அவளையும் பறிகொடுப்பேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் "எழுதும்" என்றுதான் சொல்லியிருப்பீர்கள். அதுவும் எனக்கு ஆறுதலாக இல்லை.

இன்று கோர்ட்டில் டேனிஷ் அலுவலரின் முன்னால் எழுதினேன்: விதவை. கீழே ஒப்பம் வைக்கும்படி அந்த மனுசி விரலால் காட்டினாள். கலியாணத்துக்குப் பிறகு எனக்கு இருப்பது ஒரே ஒப்பம். விதவை என்ற சொல்லுக்குக் கீழே என் பெயரோடு உங்கள் பெயரையும் சேர்த்து எழுதினேன். வேறு ஒப்பம் நான் பழகமாட்டேன்.