மேடேறும்போது மட்டும் வரும் இறுக்கம்

ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, காலை 7.20. அரிசி வாளிக்குப் பின்னால், வாயுவுக்குக் குடிக்கும் ஓமத்திராவகப் போத்தல்கள் ஏழு. ஆறு காலி. ஒன்றில் பாதி மிச்சம்.

மூடியைத் திறந்ததும் உங்கள் சட்டைப்பையின் வாசனை வந்தது, அப்பா. நீங்கள் போய் இரண்டு வருடம். வாசனைக்காக நின்றுகொண்டிருக்க எனக்கு நேரமில்லை. போத்தலைத் திருப்பி, செய்த திகதியைப் பார்த்தேன். இந்த வருடம்.

"இது என்னம்மா?"

"அப்பாவோடது. தூக்கிப்போட மனசு வரல."

"அப்பா செத்த பிறகு செஞ்ச மருந்து அப்பாவோடதா?"

"எழுதுறவனுங்க எதையும் எழுதுவானுங்க. மெக்கானிக்குப் படிக்க வச்சா நீ பொலிஸ் வேலை பாக்குற" என்று அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தத் திரும்பலை எனக்குத் தெரியும். நீங்களும் அப்படித்தான் திரும்புவீர்கள்.

கடைசி வருடத்தில் உங்கள் மீது எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. தெல்தோட்டை பஸ்ஸில் வந்து இறங்கி, தோட்டத்து லய வீட்டுக்கு ஏறும் படிகளில் பாதி வழியில் முனியாண்டி கல் இருக்கிறதே, அங்கே கைகூப்பி நிற்க ஆரம்பித்தீர்கள். திருவிழாவுக்குக்கூட மேளம் கேட்கத்தான் வருவேன் என்று சொன்ன ஆள் நீங்கள். "கடைசில மனுசனுக்குப் புத்தி வந்துருச்சு" என்று அம்மா சந்தோஷப்பட்டார். நான் நம்பவில்லை. விட்டுவிட்டதாகச் சொன்ன பீடியைக் கல்லுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். ஒருநாள் குனிந்து தேடியும் பார்த்தேன். காய்ந்த பூவும் கற்பூரக் கரியும்தான் இருந்தன.

நான் பார்த்திருக்க வேண்டியது வேறொன்று. இறங்கும்போது நீங்கள் ஒருநாளும் கும்பிடவில்லை. ஏறும்போது மட்டும்தான் பக்தி வந்தது.

நான் வேலை செய்யும் கராஜில் ஒரு லொறிக்காரர் வந்து, "மேட்டுல மட்டும் இழுக்க மாட்டேங்குது தம்பி" என்றால், நிறுத்தி வைத்த என்ஜினை உறுமவிட்டுப் பார்த்து அனுப்ப மாட்டேன். சுமையோடு மேட்டில் ஓட்டிப் பார்ப்பேன். முதல் வருடப் பையனுக்கும் தெரிந்த விஷயம் அது.

ஆனால் உங்களை நிறுத்தி வைத்துத்தான் பார்த்தோம். கண்டியில் ஒரு கிளினிக்கில், மின்விசிறிக்குக் கீழே கால்மணி நேரம் உட்கார வைத்து, பிறகு படுக்க வைத்து ஈசிஜி எடுத்தார்கள். "நெஞ்சு சும்மா ஒரு மாதிரி இருக்கு" என்று மட்டும் வைத்தியரிடம் சொன்னீர்கள். எப்போது என்று அவர் கேட்டார். "எப்பவாச்சும்" என்றீர்கள். பக்கத்தில் நான் இருந்தேன். கராஜுக்குத் திரும்பும் அவசரத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு ஒழுங்காக வந்தது.

"பாத்தியா, மெசினே சொல்லிருச்சு. வாயுதான்" என்று அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டீர்கள். லயத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் சான்றிதழ் மாதிரி எடுத்துக் காட்டினீர்கள். ஐந்து வாரம் கழித்து, மழை விட்ட ஒரு பின்னேரம், முனியாண்டி கல்லுக்கு மேலே ஒன்பதாவது படியில் விழுந்தீர்கள். அப்போதும் அந்தத் தாள் உங்கள் பையில் இருந்தது.

படுத்திருக்கையில் எடுக்கும் கோடு சரியாக இருந்தாலும், நடக்கும்போது இதயத்துக்கு இரத்தம் போதாமல் போகலாம் என்று பிறகுதான் ஒரு வைத்தியர் சொன்னார். "ஏறும்போது வருது, நின்னா போகுது. இந்த ரெண்டையும் சொல்லியிருந்தா போதும்" என்றார். நீங்கள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. யார் பிழை பெரிது என்று இன்னும் எனக்கு முடிவாகவில்லை.

அதனால் இன்று அம்மாவை விடவில்லை. அடுப்படியிலேயே கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன்.

"எப்போ இருந்து?"

"பொங்கலுக்குப் பெறகு. படி ஏறுனா மட்டும். நெஞ்ச கயித்தால கட்டி இழுத்த மாதிரி. நின்னா போயிரும்."

"நேத்து?"

"ரெண்டு எடத்துல நின்னேன். வாயுடா. அப்பாவுக்கும் இப்படித்தான்."

சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தார்.

இதயம்தான் என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. வெறும் வயிற்றில் குடிக்கும் சாயத் தேநீரின் புளிப்பாக இருக்கலாம். நாற்பது வருட விறகுப் புகை நுரையீரலில் செய்த வேலையாக, இரத்தம் குறைந்ததாக, தசைப் பிடிப்பாக இருக்கலாம். நீங்கள் போன துக்கமும் நெஞ்சைப் பிடிக்கும் என்கிறார்கள். அம்மாவுக்குச் சீனி வியாதி வேறு. அது இருந்தால் இதய நோவு சரியாகக் காட்டாமலும் போகுமாம். எல்லாவற்றின் மீதும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. "ஒண்ணுமில்ல" என்ற பேச்சின் மீதுதான் அதிகம். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது.

இனிச் செய்யப்போவது:

1. இன்று வேலைக்குப் போவதில்லை. த்ரீவீலரைக் கீழே வரச்சொல்லி அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன்.

2. "ஏறும்போது வருது, நின்னா போகுது" என்பதை அம்மா வாய் திறக்குமுன் நானே சொல்வேன். உங்கள் கதையையும் சொல்வேன்.

3. ஈசிஜி சரி என்றால் எழுந்து வரமாட்டேன். அடுத்து என்ன பரிசோதனை என்று கேட்பேன். திட்டினாலும் கேட்பேன்.

4. சும்மா இருக்கும்போது இறுக்கம் வந்தாலோ, நின்ற பிறகும் போகாவிட்டாலோ, வியர்த்தாலோ, அம்மாவின் சம்மதத்துக்குக் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

5. எல்லாம் பார்த்த பிறகு வாயுதான் என்று வந்தால், அம்மா ஊர் முழுக்கச் சொல்லி என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.