முடிவைச் சொல்லி அனுப்புங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன். வேலையில் ஏணி வழுக்கிக் கணுக்கால் லேசாகப் பிசகியது, அவ்வளவுதான். மேஸ்திரி லீவு கொடுத்திருக்கிறார்.

சும்மா படுத்திருக்கிறோமே என்று, நீங்கள் உயிரை விடும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை செல்போனில் போட்டேன். நம் வீட்டில் எந்தப் படம் போட்டாலும் பெயர் ஓடும்போதே முடிவைப் போட்டு உடைத்துவிடுவீர்கள். "வாய வெச்சிக்கிட்டு சும்மா இருங்களேன்!" என்று அம்மா கத்துவாள். இங்கே உடைக்க ஆளில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன்.

படத்தில் மகன் ரயிலேறிவிட்டான். வீடு வந்து சேர்கிறானா என்று மட்டும் செல்போனில் பேசிப் பதிந்து அனுப்புங்கள். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, பக்கெட்டை வைக்க வேண்டும்.

நீங்கள் பேசும்போது நடுவில் அம்மா கத்தினால் அதை அழித்துவிடாதீர்கள்.

உங்கள் மகன்