தோளில் இருந்த சால்வை

உத்திரமேரூர்
18.1.1998

அன்புள்ள அம்மாவுக்கு பிரபாவின் வணக்கம்.

உங்கள் மூட்டுவலி தேவலையா? என்னைத் தேடாமல் பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல் எங்கள் விடுதியிலேயே தங்கிவிட்ட பிள்ளைகளுக்காக, நேற்று சாயங்காலம் இங்குள்ள தியேட்டரில் தனியாக ஒரு காட்சி போடச் சொன்னேன். வார்டன் என்பதால் ஏற்பாடெல்லாம் நான்தான். விசில் சத்தத்தில் வசனமே கேட்கவில்லை!

முடிந்து வெளியே வரும்போது, தியேட்டர் கேட்டில் நிற்கும் கன்னியப்பன் தலைகளை எண்ணிவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா டீச்சர், உங்க கொயந்தைய உள்ளயே வுட்டுட்டீங்களா? உள்ள போவ சொல்ல தோள்ல தூங்கிக்கினு இருந்திச்சே!"

"அது சால்வைங்க, பனிக்குப் போட்டிருந்தேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். இருந்தாலும் உள்ளே போய் நாற்காலிகளுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நீங்களும் சிரிக்காதீர்கள்.

அறைக்கு வந்து பார்த்தால் சால்வை கொடியிலேயே கிடக்கிறது. அவசரத்தில் எடுக்க மறந்திருக்கிறேன்.

இன்று மூன்று முறை நம் பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. ஊருக்குப் போயிருப்பார்கள்.

பாப்பாவின் துவைக்காத சட்டை ஒன்று அனுப்புங்கள். ராத்திரி ஜன்னலைச் சாத்திவிடுங்கள். சனிக்கிழமை படம் ஓடிய ஏழு மணிக்கு அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? பிள்ளைகள் எல்லாரும் தூங்கிவிட்டார்கள், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. காலை முதல் தபாலில் இதைச் சேர்த்துவிடுகிறேன். நீளமாக எழுத வேண்டாம் அம்மா. வீட்டில்தான் இருந்தாள் என்று ஒரு வரி போதும்.

உங்கள் மகள்,
பிரபா