ஒற்றைக்கொம்பி முட்டித் தள்ளிய குட்டி

மார்ச் 3, திங்கள்

இன்று ஆட்டுக் கொட்டகையில் இருந்தவர்கள்: மகன், மருமகள், மாட்டு டாக்டர், ஒற்றைக்கொம்பி, விடிந்ததும் அது ஈன்ற இரண்டு குட்டிகள், நான். போதகர் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார், செருப்பில் புழுக்கை ஒட்டும் என்று. கர்த்தர் எந்தப் பக்கம் நின்றாரோ, தெரியவில்லை.

ஒற்றைக்கொம்பி முதல் குட்டியை நக்கிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது குட்டி சகதியில் விழுந்துவிட்டது. மருமகள், பாவம், நல்ல மனசோடு அதைத் தூக்கிப்போய் வாசனைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள். ஆடு ஒரு தடவை மோந்து பார்த்தது. அவ்வளவுதான், முட்டித் தள்ளிவிட்டது. தன் வாசம் போன பிள்ளை அதற்கு யாரோ.

"ஒரே அழுக்கா இருந்துச்சு அத்தை."

"உனக்குத்தாம்மா அழுக்கு. அதுக்கு அதுதான் பிறப்புச் சான்றிதழ்."

ஆட்டைக் கட்டிப்போட்டு, பின்னங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு நாளைக்கு நாலு தடவை ஊட்டவிடச் சொன்னார் டாக்டர்.

"இப்படிப் பண்ணினா அதுக்குப் பாசம் வந்துருமா?"

"அதை என்கிட்டக் கேக்காதீங்க பாட்டி. பாசம் வர்ற வரைக்கும் குட்டி தாங்காது. முதல்ல பால்."

போதகர் வந்தது வேறு விஷயமாக. என் அம்மாவின் இளைய மகளுக்குக் கண் ஆபரேஷனாம். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளையும் இல்லை. ஒரு மாதம் இங்கே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அம்மாவின் இளைய மகள் என்றுதான் எழுதுவேன். அதற்குமேல் எந்த உறவும் இந்த நோட்டில் வராது.

"உங்க கூடப் பிறந்தவங்கதானேம்மா?"

"அம்மாவை அடக்கம் பண்ணி மூணு நாள் கழிச்சுத் தபால்ல சொன்னவ ஐயா அவ."

மகன் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

மார்ச் 4

பத்தொன்பது வருஷம் ஆகிறது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, மணி பதினொன்று. நான் மாவு சலித்துக்கொண்டிருந்தேன். கார்டில் நீல மை, நாலே வரி. கடைசி வரியில் 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்று எனக்கே புத்தி! அம்மாவின் முகத்தைக் கடைசியாக ஒரு தரம் — வேண்டாம்.

மார்ச் 6

உதைத்துவிட்டது. என் முழங்கை வீங்கிவிட்டது. குட்டி குடித்தது.

மார்ச் 9, ஞாயிறு

காணாமல் போன ஆட்டைப் பற்றிப் பிரசங்கம். மேய்ப்பன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தோஷமாக வந்தானாம். தோளில் கிடக்கிற ஆடு முதுகில் என்ன செய்து வைக்கும் என்று போதகருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆண்டவருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தேதான் தூக்குகிறார்.

ஜெபத்தில் மற்றவர்களை மன்னிக்கிற வரி வந்ததும் வழக்கம்போல இருமினேன். பத்தொன்பது வருஷமாக அந்த வரிக்கு மட்டும் எனக்கு இருமல். ஆண்டவர் முகத்துக்கு நேரே பொய் சொல்வதைவிட இருமல் மேல் இல்லையா?

வாசலில் போதகர் காத்திருந்தார்.

"வரச்சொல்லுங்க. சோறு போடுவேன். பேசமாட்டேன்."

"அது போதும்மா."

"போதாது ஐயா. ஆனா என்கிட்ட அவ்வளவுதான் இருக்கு."

மார்ச் 12

வந்துவிட்டாள். ஒரு கண்ணில் மூடி. "அக்கா" என்றாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

மருமகளிடம், "அவங்களுக்குத் தனியா உப்புக் குறைச்சு எடுத்து வை. சின்ன வயசுலயே உப்பு ஆகாது" என்றேன்.

"இதெல்லாமா அத்தை இன்னும் ஞாபகம் வச்சிருக்கீங்க?"

"எனக்கு மறதி இருந்திருந்தா இந்த வீட்டுல எப்பவோ நிம்மதி இருந்திருக்கும்."

மார்ச் 15

கண்ணுக்குச் சொட்டு மருந்து. அதுவும் நாளைக்கு நாலு தடவை! யார் எழுதிக் கொடுக்கிறார்கள் இந்த நாலை? மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் நான்தான். கொட்டகையில் நாலு, அறையில் நாலு.

இன்று மத்தியானம் மோவாயைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினேன். நெற்றி, மூக்கு, உதட்டோர மடிப்பு — அப்படியே அம்மா. நான் பார்க்காமல் போன முகம். சொட்டு கண்ணில் விழாமல் கன்னத்தில் விழுந்தது.

பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். வாய் கேட்கவில்லை.

"ஏன் சொல்லலை?"

"பயந்துட்டேன்க்கா. கடைசி நாள்ல எல்லாம் அம்மாவை நான் சரியாப் பார்த்துக்கலை. நீ வந்தா அந்த இடத்துலயே என்னை அடிப்பியோன்னு."

"அடிச்சிருப்பேன்."

"தெரியும்."

"அடிச்சிட்டு அழுதிருப்பேன்டி! ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம். தனியா அழ வச்சுட்டியே!"

அவள் தேம்ப ஆரம்பித்தாள். ஆபரேஷன் பண்ணின கண், அழக்கூடாது என்றேன். மறுபடியும் மருந்து விட்டேன்.

மார்ச் 21

இன்று கயிறு இல்லாமலே நின்றது ஒற்றைக்கொம்பி. நக்கவில்லை, கொஞ்சவில்லை. வேறு பக்கம் பார்த்தபடி நின்றது. குட்டி குடித்தது. மத்தியானம் தாய் ஆடு ஒரே கத்தல். முதல் குட்டி காலடியில்தான் படுத்திருக்கிறது. அப்புறம் யாரைக் கூப்பிடுகிறது என்று போய்ப் பார்த்தால், சோப்புக் குட்டி வேலிக்கு வெளியே நிற்கிறது.

ஆண்டவரே, உமக்குப் பேசத் தெரியாதா? ஆட்டை விட்டுத்தான் சொல்ல வேண்டுமா?

மார்ச் 23, ஞாயிறு

ஆலயத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த வரிக்கு முந்தின வரியிலேயே தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"குடிச்சுக்கோக்கா. இருமல் வரப்போகுது."

"உனக்கு யாருடி சொன்னா?"

"போதகர் வீட்டம்மா. சபைக்கே தெரியுமாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஜெபத்தின் நடுவே. அதற்குள் அந்த வரி போயே போய்விட்டது. நான் சொல்லவில்லை. இருமவும் இல்லை.

மருமகளை மன்னித்தாயிற்று, அந்தச் சோப்பையும் சேர்த்து. உதைத்த ஆட்டையும், வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற போதகரையும் மன்னித்தாயிற்று. மன்னிக்காதது ஒருத்தியைத்தான். அதைப் பொய்யாக எழுதமாட்டேன்.

மணி இரண்டாகப் போகிறது. சொட்டு மருந்து விட வேண்டும், அந்த ஒருத்திக்கு — என் தங்கச்சிக்கு.