ஸ்கிரிப்ட் படிக்காத செட்டிங்

செவ்வாய், கரமனை

புரோகிராம் எங்கே மெதுவாகிறது என்று அளக்கும் கருவிக்காக நான் எழுதிய ஸ்கிரிப்ட், என்னோடு வேலை பார்க்கும் பிந்து ஒரு வாரம் அளந்து வைத்ததையெல்லாம் இன்று அழித்துவிட்டது. அவள் செட்டிங்கில் தனி ஃபோல்டர் கொடுத்திருந்தாள். ஸ்கிரிப்ட் அதைப் படிக்கவே இல்லை. எல்லாவற்றையும் நான் ஸ்கிரிப்ட்டிலேயே எழுதி வைத்திருந்த பழைய ஃபோல்டரில் போட்டு, மறுபடி ஓடும்போது துடைத்துவிட்டது.

"நான் ஃபோல்டர் பாதையைத் தப்பாக் கொடுத்தேனோ சேச்சி?" என்றாள். மேனேஜரும் அப்படித்தான் நினைத்தார்.

"இல்ல, தப்பு என்னோடது" என்று அவர் முன்னாலேயே சொன்னேன்.

மதியத்துக்குள் திருத்தினேன். இனி செட்டிங்கில் உள்ள பாதையைத்தான் எடுக்கும். அது இல்லாவிட்டால் எதையும் தொடாமல் நின்றுவிடும். நாலு மெஷினில் ஓட்டிப் பார்த்தேன். இனி எதுவும் அழியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மேனேஜர் போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. போகட்டும். பிந்து சாயங்காலம் சிரித்துக்கொண்டே மறுபடி அளக்க உட்கார்ந்தாள்.