பைன் காட்டு வளைவில் ஒரு சுவர்

லா பால்மா தீவு, 3 மார்ச் 1963

அன்புள்ள பெனிக்னா அக்காவுக்கு,

பிள்ளைகள் நால்வரும் சுகம். கராகஸ் போனபின் உன் கடிதங்கள் குட்டையாகிவிட்டன. கோபமில்லை, ஏக்கம்தான்.

மலைமேல் பைன் காட்டு வளைவில், எரிமலைப் பள்ளமும் கடலும் தெரியும் இடத்தில், பயணிகள் நின்று பார்க்கச் சுவர் கட்டுகிறார்கள். என் வீட்டுக்காரருக்கு அங்கேதான் கொத்து வேலை. ஆனால், "இங்க தோண்டாதீங்க, மேல தள்ளிக் கட்டுங்க" என்று மேஸ்திரியிடம் மல்லுக்கு நின்றாராம். "என்ன ஃபெர்மின், உன் மாமனார் சொத்தா?" என்று சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை.

உன் ஒத்தீலியா

கராகஸ், 29 மார்ச்

ஒத்தீலியா,

உள்நாட்டுப் போர் தொடங்கிய முப்பத்தாறாம் வருஷம், இப்போது ஆள்கிற கட்சியின் நீலச்சட்டைக்காரர்கள் உன் அண்ணன் சில்வெரியோவை லாரியில் ஏற்றிப் போனது அந்தச் சாலையில்தான். நீ சின்னவள், உள்ளே வைத்துப் பூட்டிவிட்டோம். அவன் எப்படியோ படகேறித் தப்பிவிட்டான் என்று நம்பியே அம்மா கண்ணை மூடினாள். அந்த மண்ணைத் தோண்ட உன் புருஷனுக்கு என்ன பயம்? கேள்.

பெனிக்னா

லா பால்மா, 2 மே

அக்கா,

தபாலில் பிரித்துப் படிப்பார்கள். அதனால் கப்பலேறுபவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

கேட்டேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"நான் சுடல. பதினெட்டு வயசு எனக்கு. விளக்கப் பிடின்னாங்க, பிடிச்சேன்."

"அண்ணன் எதுவும் சொல்லலியா?"

"வெளிச்சத்தக் கொஞ்சம் இறக்குடா, கண்ணு கூசுதுன்னான்."

பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, "உன்னைக் கட்டிக்கிட்டதே அதனாலதான்" என்றார்.

போன வாரம் சுவருக்குத் தோண்டும்போது எலும்புகள் வந்தனவாம். மூடச் சொல்லிவிட்டார்கள். அவர்தான் மேலே கல் அடுக்கியிருக்கிறார்.

ஒத்தீலியா

கராகஸ், 30 மே

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. கப்பல் டிக்கெட் அனுப்புகிறேன். இதற்குப் பிறகும் அவனோடு இருந்தால் எனக்குத் தங்கை இல்லை.

பெனிக்னா

லா பால்மா, 8 ஜூலை

அக்கா,

சுவர் திறப்புக்குப் பாதிரியார் வந்து புனித நீர் தெளித்தார். நானும் போனேன். பட்டணத்து ஜோடி ஒன்று ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டே, "என்ன அமைதி பாரு" என்று பேசிக்கொண்டது. சுவரில் கைவைத்து நின்றேன். கல் வெயிலில் சுட்டது.

அந்த ஆளுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கிறேன். பேசுவதில்லை. பிள்ளைகளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

டிக்கெட் அனுப்பாதே. நீ எழுதாமல் போனாலும் உன்மேல் எனக்கு வருத்தமில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். அண்ணனை யாரிடம் விட்டுவிட்டு வருவது?

ஒத்தீலியா