முப்பத்தைந்தாம் வரி

போர்வைக்குள் டார்ச் அடித்து உன் நோட்டைத் திறந்தேன். பூண்டு வாசம். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது, வாசம் மட்டும் போகவில்லை. திங்கட்கிழமைகளில் உன் ஊர் பள்ளங்கியிலிருந்து பூண்டு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஜீப்பில் வந்து இறங்குவாய். நோட்டை என் மூக்குக்கு நேரே நீட்டுவாய். "மோந்து பாருடி, புது கேம்."

பள்ளிக்கு இருப்பது ஒரே கம்ப்யூட்டர், அதற்குத் திரையாக ஒரு டிவி. நம் இருவருக்கும் வாரத்தில் இருபது நிமிடம். அதனால் நீ லீவு நாளில் தோட்டத்துக் காவலுக்குப் போய் விளையாட்டுக்கான வரிகளை அங்கேயே நோட்டில் எழுதி வருவாய். நான் கம்ப்யூட்டரில் அடிப்பேன். "வெரசாடி, மணி அடிச்சிருவாக" என்று முதுகில் குத்திக்கொண்டே நிற்பாய்.

முதல் விளையாட்டில் ஒரு நட்சத்திரம் கீழே விழுந்தது, அவ்வளவுதான். இரண்டாவதில் அதைப் பிடிக்கலாம். மூன்றாவதுதான் காட்டுமாடு. திரையில் எம் என்ற இங்கிலீஷ் எழுத்து மாடு, புள்ளிகள் பூண்டு. தின்பதற்குள் தகரம் தட்டி விரட்ட வேண்டும். நாம் எங்கோ தப்பு செய்துவிட்டோம். வலது ஓரமாக விரட்டிய மாடு இடது ஓரத்தில் வந்து நின்றது. திருத்தச் சொன்னார் கம்ப்யூட்டர் சார். நீ அசையவில்லை. "எங்க ஊரு மாடு இப்பிடித்தான் சார். கீழ வெரட்டுனா சுத்திக்கிட்டு மேல வந்து நிக்கும்." சாரே சிரித்துவிட்டார். தப்பு அப்படியே இருக்கிறது.

புரோகிராம் வரிகளுக்குப் பத்து, இருபது, முப்பது என்று ஏன் எண் போட வேண்டும், ஒன்று, இரண்டு என்று போட்டால் என்ன என்று உன்னிடம் கேட்டேன். "பூண்ட நெருக்கி ஊனுவியா நீ? நடுவுல எடம் கெடக்கணும்டி. நாளைக்கு என்ன தோணுமோ."

காய்ச்சல் என்று ஊருக்குப் போனாய். மழையில் ரோடு சரிந்து கிடந்தது. ரோடு சரியானதும் வந்த ஜீப்பில் மூட்டைகள் மட்டும் இருந்தன. ஒவ்வொன்றிலும் உன் பெயர், இங்கிலீஷில், நீ தாரால் எழுதியது. சந்தையில் மூட்டை மாறாமலிருக்க உன் அப்பா வைத்த அடையாளம்.

போன வாரம் அவர் ஹாஸ்டல் வாசலுக்கு வந்தார். "தாயி, அந்த டிவியில அவ பேரு வருமாமே. எனக்கு வேற எழுத்து தெரியாது. அது ஒண்ணு மட்டும் மூட்டையில பாத்துப் பாத்துத் தெரியும். கண்காட்சிக்கு வரட்டா?"

வாங்கப்பா என்று சொல்லிவிட்டேன்.

பள்ளிக் கண்காட்சி நாளைக்கு, அதில் நம் காட்டுமாடு விளையாட்டும் உண்டு. விளையாட்டு தொடங்கும்போது திரையில் பெயர் காட்டும் முப்பதாம் வரியில்தான் உன் பெயர் இருந்தது. இன்று சார் அதை எடுத்துவிட்டுப் பள்ளியின் பெயரைப் போட்டுக் கேசட்டில் பதிந்துவிட்டார். "செத்த பிள்ளை பேரு எதுக்கும்மா? வர்றவங்க சங்கடப்படுவாங்க." நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "அதுல மறுபடி கை வச்சே, அப்புறம் இந்த ரூம் பக்கமே வரக் கூடாது."

சரி சார் என்றேன். என் வாய் எப்போதும் முதலில் சரி என்றுதான் சொல்லும். உனக்குத் தெரியும்.

இப்போதும் பயமாக இருக்கிறது. வராந்தாவில் ஹாஸ்டல் சிஸ்டரின் செருப்புச் சத்தம் கேட்டால் டார்ச்சை அணைத்துவிடுகிறேன். அந்த ரூம் இல்லாவிட்டால் எனக்கு இந்தப் பள்ளியில் வேறு என்ன இருக்கிறது? ஆனால் உன் அப்பா மலைச்சரிவில் நடந்து வந்து, ஒரு பெயரைத் தேடி டிவி முன்னால் நிற்பார். அவர் வேறு எந்தப் பெயரையும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது.

நாளை கேசட் போட்டு விளையாட்டை ஏற்றுவது நான்தான். புது வரியை எப்போது அடித்தாலும் எண் பார்த்துத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். சார் போட்ட முப்பதை நான் தொடமாட்டேன். முப்பத்தைந்து என்று புது வரி அடிப்பேன், அதில் உன் பெயர். தலையணையில் விரலை வைத்து இருபது தடவை அடித்துப் பார்த்தாகிவிட்டது. ஒரு எழுத்தும் தவறவில்லை.

இந்தக் கடிதத்தில் உன் பெயரை எழுதவில்லை. சிஸ்டர் கையில் கிடைத்தால் கிழித்துவிடுவார், உன் பெயரும் சேர்ந்து கிழியும். நாளை அது திரையில் இருக்கும். முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் நீ விட்டுவைத்த இடம் அப்படியே கிடக்கிறது.